நான்காவது காம்பு யாருக்கு?

மனுநீதிச் சோழன் கதை நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். தேர்க்காலில் அடிபட்டு ஒரு கன்று செத்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. ராஜா தன் சொந்த மகனையே தேர்க்காலில் இட்டான். அந்த ராஜாவுக்கு சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலைகூட இருக்கிறது.

அந்த ஒரு கன்றுக்கு நீதி கிடைத்தது, சரி. தேர்க்காலில் விழாமல், கட்டுத்தறியிலேயே அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்து செத்துப்போன மற்ற கன்றுகள்? அவற்றுக்கு யார் மணி அடித்தார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். போர், ராஜா, உடன்படிக்கை எதுவும் இதில் அதிகம் கிடையாது. ஒரு மாட்டின் நான்கு காம்பில் கன்றுக்கு எவ்வளவு பால் கிடைத்தது, அதை யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் விஷயம். இதுவும் வரலாறுதானே!

நம் கிராமங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மூன்று காம்பைக் கறந்துகொண்டு ஒன்றைக் கன்றுக்கு விட்டுவிடுவார்கள். சில வீடுகளில் நான்கையும் கறப்பார்கள், ஆனால் ஒட்டக் கறக்க மாட்டார்கள். கடைசிப் பால் கன்றுக்கு. இதை அன்பு, தர்மம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குப் பின்னால் கறாரான ஒரு காரணமும் இருந்தது.

கன்று இல்லாவிட்டால் பால் இல்லை

நம் நாட்டு மாடு, அதாவது திமில் உள்ள மாடு, கன்று வந்து முட்டாவிட்டால் லேசில் பாலை இறக்காது. எக்கிக்கொள்ளும். கன்றை அவிழ்த்துவிட்டு, அது நாலு வாய் ஊட்டி மடி சுரந்ததும், இழுத்துப் பக்கத்தில் கட்டிவிட்டுக் கறப்பார்கள். மாடு கன்றை நக்கிக்கொண்டே நிற்கும்.

இதன் விஞ்ஞானம் 20-ம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. கன்று முட்டும்போது மாட்டின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அது மடிக்குள் இருக்கும் பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகிறது, பால் காம்புக்கு இறங்குகிறது. மாடு பயந்தாலோ கன்றைக் காணாவிட்டாலோ இது நடப்பதில்லை. வின்சென்ட் டூ விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர் 1953-ல் இந்த ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் ஊர் மாட்டுக் கொட்டகையிலேயே வரும்.)

ஆக, கன்று செத்தால் பாலும் போச்சு. கன்றின் உயிருக்கு இதுதான் காப்பீடு. ஆனால் மனிதன் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, கறக்கும்போது மாட்டின் முன்னால் நிறுத்தினான். மாடு அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கியது. நம் ஊரில் மட்டுமல்ல, உலகத்தில் பல இடங்களில் மாடு வளர்த்தவர்கள் இதே தந்திரத்தைச் செய்திருக்கிறார்கள்.

எருதுக்காக வளர்ந்த கன்று

கன்றுக்கு இன்னொரு காப்பீடும் இருந்தது. அது காளைக்கன்றாக இருந்தால் நாளை உழவு மாடு, வண்டி மாடு, கவலை இறைக்கும் மாடு. டிராக்டரும் பம்ப்செட்டும் வருவதற்கு முன்னால் ஒரு விவசாயியின் பெரிய சொத்து அதுதான். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி என்று தமிழ்நாட்டில் பேர் வாங்கிய மாடுகள் எல்லாமே உழைப்புக்குப் பேர் வாங்கியவை, பாலுக்கு அல்ல.

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து மைசூரில் இருக்கிறது. உடையார் அரசர்கள் அரண்மனைப் பால், வெண்ணெய்க்காக வைத்திருந்த மாட்டு மந்தைக்கு 'பெண்ணெ சாவடி' என்று பெயர் (கன்னடத்தில் பெண்ணெ என்றால் வெண்ணெய்). ஹைதர் அலி காலத்தில் இந்த மாடுகள் பீரங்கி இழுக்கவும் ராணுவச் சாமான் சுமக்கவும் போயின. திப்பு சுல்தான் அதற்கு 'அம்ருத் மஹால்' என்று பெயர் மாற்றினார். வெண்ணெய்க்காக இருந்த மந்தை போருக்கான எருதுகளை உண்டாக்கும் மந்தையாக மாறியது. அப்படி மாறியபோது கன்றுதான் முக்கிய விளைபொருள். தாயின் பால் கன்றுக்கே போனது.

சாதாரண விவசாயி வீட்டில் இவ்வளவு தாராளம் இருந்திருக்காது. ஆனாலும் அங்கே ஒரு விஷயம் கன்றுக்குச் சாதகமாக இருந்தது. அன்று கிராமத்திலிருந்து பாலாக விற்பது குறைவு. பால் கெட்டுவிடும், பக்கத்தில் நகரம் இருந்தால்தான் விற்க முடியும். அதனால் தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கி விற்றார்கள். மோர் வீட்டிலேயே தங்கியது. குழந்தைக்கும் மோர், கூலியாளுக்கும் மோர். வீட்டை விட்டு வெளியே போனது கொழுப்பு மட்டும்தான். மிச்சச் சத்தெல்லாம் வீட்டோடு இருந்தது. பாலையே பாலாக விற்க ஆரம்பித்தபோதுதான் இந்தக் கணக்கு தலைகீழானது.

நகரத்துக்கு வந்த மாடு

19-ம் நூற்றாண்டில் கல்கத்தாவும் பம்பாயும் வேகமாக வளர்ந்தன. குளிர்பதன வசதி இல்லாத காலம். பாலைக் கொண்டுவர முடியாது என்பதால் மாட்டையே நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கன்று ஈன்ற எருமையை வெளியூர்களில் வாங்கி, நகரத் தொழுவத்தில் கட்டி, பால் வற்றும்வரை கறந்தார்கள். வற்றியபின் அதை வைத்துத் தீனி போட்டுச் சினைப்படுத்துவதைவிட கசாப்புக்கு விற்றுவிட்டுப் புது எருமை வாங்குவது லாபம். இந்தக் கணக்கில் கன்றுக்கு இடமே இல்லை. அது குடிக்கும் ஒவ்வொரு படியும் நஷ்டம். பட்டினியில் சில நாட்களிலேயே கன்றுகள் செத்தன.

கன்று செத்தால் பால் இறங்காதே? அதற்கு 'பூக்கா' என்று ஒரு கொடுமையான முறை. மாட்டின் பிறப்புறுப்பில் குழாய் வழியாகக் காற்றை ஊதி, வலுக்கட்டாயமாகப் பாலை இறங்கச் செய்வது. இது எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1890-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இதற்கென்று தனியாகத் தண்டனை எழுத வேண்டியிருந்தது. 1960-ம் ஆண்டுச் சட்டத்திலும் 12-வது பிரிவு இதைத் தடை செய்கிறது.

காந்தி பால் குடிப்பதை விட்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கல்கத்தா மாட்டுக்காரர்கள் செய்யும் கொடுமைகளைப் பற்றிப் படித்தது அவர் மனதைப் பாதித்தது. 1912-ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார். பின்னால் கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது, 'நீங்கள் விட்டது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலில் என்ன ஆட்சேபம்?' என்ற பொருளில் கஸ்தூர்பா கேட்டதும், அவர் ஆட்டுப்பாலுக்கு மாறியதும் பலருக்கும் தெரிந்த கதை. 1927-ல் அவர் பெங்களூரில் இருந்த மத்திய அரசின் கால்நடை, பால்பண்ணை நிலையத்துக்குப் போய் மாடு வளர்ப்பைப் பாடமாகவே கற்றுக்கொண்டார். இன்றைய கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அதுதான்.

பம்பாயில் ஆரே பால் காலனி 1949-ல் வந்தது. நகரத் தொழுவங்களை ஊருக்கு வெளியே ஒரே இடத்துக்கு மாற்றும் முயற்சி. சென்னைக்கு மாதவரம். இடம் மாறியது, சுத்தமும் வந்தது. ஆனால் மாட்டைப் பாலுக்காக மட்டும் ஓரிடத்தில் சேர்த்துக் கட்டும் முறை மாறவில்லை.

குன்றிமணியும் சீம்பாலும்

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1892-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அவர் பயன்படுத்திய விஷங்கள் நமக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒன்று குன்றிமணியில் இருக்கும் ஆப்ரின், மற்றொன்று ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின். கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்துத் தாய் எலிக்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கினார். பிறகு, எதிர்ப்புச் சக்தி இல்லாத வேறு எலியின் குட்டிகளை இந்தத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்தது! அதாவது தாய்ப்பால் வெறும் உணவு மட்டுமல்ல, மருந்தும்கூட.

1922-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவரும் இதைக் கன்றுகளில் பார்த்தார்கள். சீம்பால் குடித்த கன்றுகள் பிழைத்தன. குடிக்காமல் வெறும் பால் குடித்தவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன. காரணம் இதுதான். மனிதக் குழந்தைக்கு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து எதிர்ப்புப் புரதங்கள் வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு, அந்த வழியே எதிர்ப்புப் புரதம் போகாது. கன்று கிட்டத்தட்ட நிராயுதபாணியாகவே பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதையும் குடல் அப்படியே உறிஞ்சும் நேரம் ரொம்பக் குறைவு. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடித்தால் நல்லது. சுமார் 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும்.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். மாடு கன்று போட்டால் சீம்பால் காய்ச்சி, வெல்லம் ஏலக்காய் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பது நமக்குச் சந்தோஷமான வழக்கம். இன்னொரு வழக்கமும் பல ஊர்களில் உண்டு. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்பார்கள். அதிகம் குடித்தால் கழிச்சல் வரும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். கொடி விழ ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம்கூட ஆகலாம். அத்தனை நேரமும் அந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டே இருக்கிறது. கழிச்சலுக்குப் பயந்து சீம்பாலை நிறுத்துகிறோம், சீம்பால் கிடைக்காததாலேயே பத்தாம் நாள் கழிச்சலில் கன்று சாகிறது. 'பார், அதிகம் குடித்ததால்தான்' என்கிறோம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாடு கொடுக்கும் சீம்பால் முழுவதும் பெரும்பாலும் கன்றுக்குத் தேவைப்படாது. முதலில் கன்று, மிச்சம் நமக்கு. வரிசையை மாற்றினால் போதும்.

வாளியில் பால்

ஐரோப்பிய மாட்டினங்கள் கன்று இல்லாமலே பாலை இறக்கப் பழக்கப்பட்டவை. அதனால் அங்கே கன்றைப் பிறந்ததுமே பிரித்து வாளியில் ஊட்டுவது சுலபமாக இருந்தது. 1878-ல் ஸ்வீடனின் குஸ்தாஃப் டி லாவால் பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1882-ல் டென்மார்க்கில் முதல் கூட்டுறவு வெண்ணெய்த் தொழிற்சாலை வந்தது. விவசாயி பாலைக் கொண்டுபோய் ஊற்றுவான், ஏடு தொழிற்சாலைக்கு, ஏடெடுத்த பால் திரும்ப அவன் பண்ணைக்கே. அதைக் கன்றும் பன்றியும் குடித்தன. நம் மோர்க் கணக்கு மாதிரியேதான், ஆனால் இயந்திரத்தோடு.

பின்னால் ஏடெடுத்த பால் பவுடரானது. பவுடரில் வேறு கொழுப்பு சேர்த்து 'செயற்கைக் கன்றுப்பால்' வந்தது. 1956-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். கன்றுக்குப் பிறக்கும்போது அசைபோடும் பெரிய வயிறு வேலை செய்யாது, பால் நேராக நான்காவது அறைக்குப் போகும். பெரிய வயிற்றின் உள்சுவரை வளர்த்தெடுப்பது தானியத் தீவனம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள். எனவே இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி அடர்தீவனம் பழக்கினால் சீக்கிரம் பாலை மறக்கடிக்கலாம். ஆனால் ஒரு மாதக் கன்றின் முன்னால் வெறும் வைக்கோலைப் போட்டுவிட்டுப் பாலையும் நிறுத்தினால்? அதை ஜீரணிக்க வயிறே இன்னும் தயாராகவில்லை.

இங்கே வரலாற்றின் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1960-களின் கடைசியில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பால் பவுடர் மலை மாதிரி குவிந்தது. அதைக் கன்றுகளுக்குத் தீவனமாகப் போட மானியம் கொடுத்தார்கள். அதே மலையிலிருந்து இந்தியாவுக்கு நன்கொடையாக வந்த பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் பாலாக்கி நகரங்களில் விற்று, அந்தப் பணத்தில்தான் 1970-ல் 'ஆபரேஷன் ஃப்ளட்' என்ற வெண்மைப் புரட்சி தொடங்கியது.

கூட்டுறவும் கலப்பினமும்

1946-ல் கெய்ரா மாவட்ட விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவு (நம் எல்லோருக்கும் தெரிந்த அமுல்) ஒரு பெரிய விஷயத்தைச் சாதித்தது. மாடு கிராமத்திலேயே இருக்கும், பால் மட்டும் நகரத்துக்கு வரும். நகரத் தொழுவத்தில் நடந்த கன்றுக் கொலைக்கு உண்மையான மாற்று இதுதான். தமிழ்நாட்டிலும் இதே மாதிரியில் சங்கங்கள் வந்தன, 1981-ல் பால் உற்பத்தியாளர்கள் இணையம் உருவானது. இன்று ஆவின் என்றால் தெரியாதவர் உண்டா?

நிலம் இல்லாதவர்களுக்கும் காலையும் மாலையும் காசு வந்தது. பல வீடுகளில் பெண்கள் கையில் வந்த முதல் நிலையான வருமானம் இது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் சங்கத்துக் கேன் வந்த நாளிலிருந்து கன்று குடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு விலை வந்துவிட்டது. பால் பாலாகவே வெளியேறியதால் வீட்டில் மோரும் மிஞ்சவில்லை.

கூடவே கலப்பினம் வந்தது. கேரளத்தில் 1963-ல் மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம், இங்கே ஊட்டியிலிருந்து ஜெர்சி. பால் பல மடங்கு கூடியது. இந்த மாடுகள் கன்று முட்டாமலே பாலை இறக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கன்றைக் காத்துவந்த முதல் காப்பீடு இப்படிப் போனது. இறக்காத எருமைக்கும் நாட்டு மாட்டுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி வந்தது (பெயர் நினைவிருக்கிறதா?). 2018-ல் மத்திய அரசு இதைத் தனியார் தயாரிக்கக் கட்டுப்பாடு விதித்தது. பிரசவத்தில் தாய்மார்களின் உயிர் காக்கும் மருந்தும் இதுவே என்பதால் வழக்கு வந்து, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை ரத்து செய்தது.

டிராக்டர் வந்ததும் இரண்டாவது காப்பீடும் போனது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மொத்தம் 19 கோடி மாடுகளுக்கு மேல். அதில் பெண் மாடுகள் 14.5 கோடி, 2012-ஐவிட 18 சதவீதம் அதிகம். மொத்த எண்ணிக்கையோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அப்படியானால் ஆண் மாடுகள் அவ்வளவு குறைந்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்? பிறப்பதென்னவோ பாதிக்குப் பாதிதான். இப்போது கிடாரிக்கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசி பரவிவருகிறது. அதிலும் பத்தில் ஒன்பதுதான் கிடாரி.

அரசு கன்றை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1970-களின் நடுவில் ஒரு சிறப்புத் திட்டம் வந்தது. சிறு விவசாயிக்குக் கலப்பினக் கிடாரி வளர்க்கத் தீவனத்தில் பாதி மானியம், விவசாயக் கூலிக்கு மூன்றில் இரண்டு பங்கு. கேரளத்தில் இது நன்றாகவே வேரூன்றியது. நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் தொடங்குவது சுமார் நான்கு மாத வயதில். அதாவது பால்குடி மறந்த பிறகு! கன்று சாவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள முதல் மூன்று மாதங்கள், பால் தேவைப்படும் அந்த மூன்று மாதங்கள், முழுக்க விவசாயியின் சொந்தக் கணக்கில்.

அந்தக் கணக்கு என்ன?

25 கிலோ கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது பொது விதி. தினம் இரண்டரை லிட்டர். கன்று வளர வளரக் கூட்ட வேண்டும், பிறகு தீவனம் பழகியதும் குறைக்க வேண்டும். சராசரியாக அதே இரண்டரை லிட்டர் என்றே மூன்று மாதத்துக்கு வைத்தாலும் 225 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,875 ரூபாய். அந்தக் கன்று சினைப்பட்டு, ஈன்று, பால் தர இரண்டரை வருஷமாவது ஆகும். ஒரே மாடு வைத்து, சங்கத்தில் வரும் பணத்தில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் ஒரு அம்மாவிடம் 'ஏம்மா கன்றுக்குப் பால் விடவில்லை?' என்று கேட்பது எளிது. அவருக்கு அந்த 7,875 ரூபாய் இன்றைய செலவு, வரப்போகும் கிடாரியோ பிழைத்தால்தான் உண்டு.

ஆனால் செலவில்லாத சில வேலைகளும் இருக்கின்றன. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின். ஈரமில்லாத தரை. பத்தாம் நாள் வாக்கில் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து. எருமைக்கன்றுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒருவகை உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்குள் வந்துவிடும். குழந்தைக்கு மோர் ஊற்றுகிற மாதிரி கழிச்சல் கண்ட கன்றுக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். இவற்றில் எதற்கும் பாலைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

நான்காவது காம்பு கன்றுக்கு என்ற வழக்கம் வந்ததற்குக் காரணம் நம் முன்னோர் நம்மைவிட நல்லவர்கள் என்பதல்ல. கன்று இல்லாமல் பாலும் இல்லை, எருதும் இல்லை என்ற நிலை அவர்களை அப்படி நடக்க வைத்தது. இன்று அந்த நிர்ப்பந்தம் இரண்டும் போய்விட்டன. இனி அந்தக் காம்பை யாராவது வேண்டுமென்றே விட்டால்தான் உண்டு. அந்தச் செலவை ஒரு மாடு வைத்திருக்கும் வீட்டின் தலையில் மட்டும் கட்டாமல், பால் வாங்கிக் குடிக்கும் நாமும் அரசும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதுதான் கேள்வி. நான்கு மாதத்தில் தொடங்கும் மானியத்தை நாலாம் நாளுக்கு நகர்த்தினால் என்ன? உங்களுக்கு வேறு யோசனை தோன்றினால் சொல்லுங்கள். வீட்டில் மாடு இருக்கும் நண்பர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.